ஊசி மாட்டுக்கா, மாட்டின் மூளைக்கா?

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நாலைந்து மாடு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரு மாடு கன்று போட்டு ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் பருவத்துக்கு வரவில்லை. கன்று பகலெல்லாம் தாயோடேயே திரிகிறது, காலையில் மட்டும் கறக்கிறார்கள். கால்நடை டாக்டர் வந்து முதல் நாள் ஓர் ஊசி, ஏழாம் நாள் வேறோர் ஊசி, ஒன்பதாம் நாள் மறுபடி முதல் ஊசியையே போட்டிருக்கிறார். “இது கர்ப்பப்பைக்கு இல்லப்பா, மூளை செய்ய வேண்டிய வேலைக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பிக்குக் குழப்பம். சினைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? அந்த முதல் மருந்தை ஒரேயடியாக நிறையப் போட்டால் சீக்கிரம் பலன் தெரியாதா? பக்கத்து வீட்டு மாமா சொல்வதுபோல மாடு மலடாகிவிட்டதா, இறைச்சிக்காரரிடம் தள்ளிவிட வேண்டியதுதானா? கூடவே வீட்டில் அவர் மனைவி கேட்கச் சொன்னது: பிள்ளைக்குப் பால் கொடுக்கிற வரைக்கும் பெண்கள் தரிக்க மாட்டார்கள் என்று பாட்டிமார் சொன்னதும் இதே கணக்குத்தானா?

மாடு மலடு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மாமா கோபித்துக்கொண்டாலும் சரி. கன்று போட்ட மாடு, கன்றை ஊட்டிக்கொண்டு ஐந்து மாதம் சும்மா இருப்பது நம் ஊர் திமில் மாடுகளில் சர்வசாதாரணம். முட்டை உருவாகும் சினைப்பை பழுதாகி அது அப்படி நிற்பது அபூர்வம். பெரும்பாலும் மேலேயிருந்து வர வேண்டிய தாக்கல் வராததால்தான் கீழே வேலை நின்றுகிடக்கும். கால்நடை உடலியல் பாடம் நடத்தியே பிழைத்தவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளையின் அடிப்பக்கம், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல் சூடு எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. அந்தப் பகுதியில் சிதறிக் கிடக்கும் சில ஆயிரம் நரம்பு செல்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வெறும் பத்து அமினோ அமிலங்களைக் கோத்த துண்டுச் சங்கிலி அது. கோடிக்கணக்கான செல்கள் உள்ள மூளையில் இந்தச் சில ஆயிரம் செல்கள் செத்தாலோ ஊமையாகிப் போனாலோ, மாடு, ஆடு, எலி, மனிதர் எந்தப் பாலூட்டிக்கும் வாரிசு கிடையாது.

இந்தச் செல்கள் மூளையில் பிறந்தவையே இல்லை என்பது எனக்கு இன்றுவரை வியப்புத்தான். கரு வளரும்போது இவை மூக்கு உருவாகும் இடத்தில் தோன்றி, மோப்ப நரம்புகளைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேர்கின்றன. எலிக் கருவில் இதை 1989-இல் காட்டினார்கள். வழியில் தடைபட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிலேயே சாட்சி உண்டு. கால்மன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்கு வாசனை தெரியாது, வயது வந்தாலும் பருவமடைய மாட்டார்கள். மூக்குக்கும் வயதுக்கு வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று வெகுகாலம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்கள் வந்த பாதை தெரிந்ததும் முடிச்சு அவிழ்ந்தது.

ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே ஒரு காம்பில் தொங்குகிறது பிட்யூட்டரி சுரப்பி. மேலே சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். அந்தக் காம்பிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாக இறங்கிப் பிட்யூட்டரியைத் தொடும். 1930-இல் பொப்பா, ஃபீல்டிங் என்ற இருவர் இந்தக் குழாய்களை விவரித்தபோது, ரத்தம் கீழிருந்து மேலே ஓடுகிறது என்று தலைகீழாக நினைத்துவிட்டார்கள். ஆங்கிலேயரான ஜெஃப்ரி ஹாரிஸ், உயிருள்ள எலியில் ரத்தம் மேலிருந்து கீழேதான் இறங்குகிறது என்பதை உறுதிப்படுத்தினார். பிறகு 1952-இல் டோரா யாக்கப்ஸோனுடன் சேர்ந்து செய்த சோதனைதான் அழகு. பெண் எலிகளின் பிட்யூட்டரியை எடுத்துவிட்டு, வேறொரு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸுக்கு அடியில் வைத்தார்கள். எலிகள் பருவத்துக்கு வந்தன, குட்டியும் போட்டன. அதே பிட்யூட்டரியை மூளையின் வேறு பகுதிக்குக் கீழே வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பிட்யூட்டரி தானாக எதுவும் செய்யாது, மேலிருந்து ஒரு சமாச்சாரம் வர வேண்டும் என்பது அதோடு நிலைநின்றது.

அந்தச் சமாச்சாரம் என்ன பொருள் என்று கண்டுபிடிக்க இன்னும் இருபது வருஷம் பிடித்தது. ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளோடும், ரோஜே கியெமென் ஆட்டு மூளைகளோடும் ஒருவரையொருவர் முந்தப் போட்டி போட்டார்கள். ஷாலி குழுவினர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸை அரைத்து, ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அளவு பொருளைப் பிரித்தெடுத்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். 1977-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. உங்கள் டாக்டர் கண்ணாடிக் குப்பியிலிருந்து உறிஞ்சி எடுத்த முதல் ஊசி மருந்து அந்தப் பொருளின் செயற்கை வடிவம்தான்.

ஜி.என்.ஆர்.எச். தொட்டதும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எஃப்.எஸ்.எச். என்பது சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் ஃபாலிக்கிளை, அதாவது சின்ன நீர்ப்பையை, வளரச் செய்யும். எல்.எச். அதை முற்றவைத்து, கடைசியில் வெடிக்கவைத்து முட்டையை வெளியே தள்ளும். காளைக்கும் இதே இரண்டுதான். அங்கே எல்.எச். விதைப்பையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கவைக்கும், எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிற இடத்தில் இருக்கிறது.

ஜி.என்.ஆர்.எச். சொட்டுச் சொட்டாக ஓயாமல் கசியும் பொருள் இல்லை. ஒரு விசை வரும், நிற்கும், மறுபடி ஒரு விசை வரும். வந்த மருந்தும் ரத்தத்தில் இரண்டு முதல் நான்கு நிமிடத்துக்குள் பாதியாகக் கரைந்துவிடும். அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு குரங்குகளை வைத்து இதைச் சோதித்தது. ஹைப்போதலாமஸில் இந்தச் சுரப்பு நின்றுபோன குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை சில நிமிடம் ஜி.என்.ஆர்.எச். ஏற்றினார்கள். பிட்யூட்டரி விழித்துக்கொண்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் சுரந்தது. பிறகு அதே மருந்தை நிறுத்தாமல் தொடர்ச்சியாக ஏற்றினார்கள். கூடுதலாகச் சுரக்க வேண்டும் அல்லவா? படிப்படியாகக் குறைந்து, இரண்டுமே அடங்கிப் போயின. மறுபடி மணிக்கு ஒரு முறை என்று மாற்றியதும் சுரப்பு திரும்பியது. 1978-இல் வந்த முடிவு இது.

லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டிக்காரர் வருவார் அல்லவா, அவர் விட்டு விட்டு ஹாரன் அடித்தால் பிள்ளைகள் காசோடு ஓடுவார்கள். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் கதவைச் சாத்திக்கொள்வோம். பிட்யூட்டரி செல்லும் சாத்திக்கொள்கிறது. மேற்பரப்பில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, உள்ளே சமிக்ஞை போகும் வழியையும் அடைத்துவிடுகிறது.

ஆகவே தம்பி, முதல் ஊசியை நாள் கணக்கில் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தால் மாடு சினைக்கு வராது. நேர்மாறாகப் பூட்டுப் போட்டதுபோல் ஆகும். மருத்துவத்தில் இந்தப் பூட்டையே வேண்டுமென்று பயன்படுத்துகிறார்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்காரர்களுக்கு மாதக்கணக்கில் கசியும் ஜி.என்.ஆர்.எச். வகை ஊசி போட்டு ஆண் ஹார்மோனை அடக்குகிறார்கள். ஆறு, ஏழு வயதிலேயே பருவமடையத் தொடங்கும் பெண் பிள்ளைகளுக்கு அதே வகை ஊசியால் பருவத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆண் நாய்களுக்குத் தோலுக்கடியில் ஒரு குச்சியை வைத்து, கத்தி வைக்காமலே மாதக்கணக்கில் காயடித்த நிலையில் வைத்திருப்பதும் இந்த மருந்தின் உறவுதான்.

அளவு இல்லை, தாளம்தான் முக்கியம். மீதிக் கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்தே வருகிறது.

பருவச் சுழற்சி ஒழுங்காக ஓடும் பசுவில், சினைப்பையில் முட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சள் கட்டி ஒன்று உருவாகி புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது ரத்தத்தில் இருக்கும்வரை மூளையின் தாளம் மந்தமாகவே இருக்கும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு விசை. சினை தங்கவில்லை என்றால் பதினாறு, பதினேழாம் நாள் வாக்கில் கர்ப்பப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். புரொஜெஸ்டிரோன் விழுந்ததும் தாளம் வேகம் பிடித்து, மணிக்கு ஒரு விசை என்ற அளவுக்கு வரும். ஃபாலிக்கிள் பெரிதாகும், அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும்.

ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு விசித்திரம் உண்டு. கொஞ்சமாக இருக்கும்போது அது மூளையை அடக்கிவைக்கும். உச்சத்துக்கு ஏறிச் சில மணி நேரம் அங்கேயே நின்றால், அடக்கியதே தூண்டிவிடும். ஜி.என்.ஆர்.எச். வெள்ளமாகப் பாயும், அதைத் தொடர்ந்து எல்.எச். பல மணி நேரத்துக்கு மலைபோல் எழும்பும். அதே ஈஸ்ட்ரோஜன்தான் மாட்டைக் கத்தவைக்கிறது, மற்ற மாடு மேலே ஏறினால் விலகாமல் நிற்கவைக்கிறது, வாலடியில் கண்ணாடிபோல் வழும்பைத் தொங்கவைக்கிறது. நிற்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் முட்டை வெளிவரும். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்று சினை ஊசிக்காரர்கள், அதாவது செயற்கை முறையில் விந்து செலுத்துபவர்கள், சொல்வதற்கு ஆதாரம் இந்த இடைவெளிதான்.

எல்லாப் பாலூட்டியும் இப்படிக் காத்திருப்பதில்லை. பூனைக்கும் முயலுக்கும் ஒட்டகத்துக்கும் இணை சேர்ந்தால்தான் எல்.எச். மலை எழும்பும். ஆண் வராவிட்டால் முட்டையும் வராது. ஒட்டக இனத்தில் விந்திலேயே ஒரு புரதம் இருந்து பெண்ணின் மூளைக்குத் தாக்கல் சொல்கிறது. யானை இன்னும் ஒரு படி மேலே. அதற்கு எல்.எச். இரண்டு தடவை எழும்பும், மூன்று வாரம் இடைவிட்டு. முதல் தடவை முட்டை வராது, இரண்டாம் தடவைதான் வரும்.

இப்போது உங்கள் டாக்டரின் மூன்று ஊசிக்கு வருவோம். முதல் நாள் ஜி.என்.ஆர்.எச்.: சினைப்பையில் அந்த நேரம் பெரிய ஃபாலிக்கிள் இருந்தால், பிட்யூட்டரி சேர்த்துவைத்த எல்.எச்.ஸை ஒரே மூச்சில் விட்டு அதை வெடிக்கவைக்கும். அங்கே மஞ்சள் கட்டி உருவாகும், புதிய ஃபாலிக்கிள் கூட்டம் ஒன்று வளரத் தொடங்கும். அதிலிருந்து ஏழாம் நாள் புரோஸ்டாகிளாண்டின்: அந்த மஞ்சள் கட்டியைக் கரைக்கும். ஒன்பதாம் நாள் மறுபடி ஜி.என்.ஆர்.எச்.: புதிய ஃபாலிக்கிளை நேரம் குறித்து வெடிக்கவைக்கும். பதினாறிலிருந்து இருபது மணி நேரம் கழித்துச் சினை ஊசி. இந்த முறை 1995-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது, இன்று உலகமெங்கும் பால் பண்ணைகளில் ஓடுகிறது. மாடு கத்தினாலும் கத்தாவிட்டாலும் நேரத்துக்கு ஊசி போட்டுவிடலாம் என்பதுதான் இதன் வசதி. ஆகவே டாக்டர் ஒரே மருந்தைத் திரும்பப் போட்டது மறதியில் இல்லை. ஒரு வெள்ளத்துக்கு ஓர் ஊசி, இன்னொரு வெள்ளத்துக்கு இன்னோர் ஊசி.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டாம். சுழற்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாட்டில்தான் இந்த மூன்று ஊசி நன்றாக வேலை செய்யும். உங்கள் மாடுபோல் அசையாமல் நிற்கும் மாட்டுக்கு, இடையில் ஏழு நாள் புரொஜெஸ்டிரோன் கசியும் கருவி ஒன்றைப் பிறப்புறுப்பில் வைத்து எடுத்தால் பலன் கூடும். காரணம் மூளையிலேயே இருக்கிறது. சில நாள் புரொஜெஸ்டிரோனைப் பார்த்துப் பழகிய மூளைதான், பிறகு ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது பருவ அறிகுறியைச் சரியாகக் காட்டும். கன்று போட்டபின் முதல் முட்டை பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்து போவதும் அதனால்தான். அடுத்த முறை டாக்டரிடம் அந்தக் கருவியைப் பற்றிக் கேளுங்கள்.

சரி, தாளம் போடுவது யார்? ஜி.என்.ஆர்.எச். செல்களேதான் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் புற்றுநோய் பரவலை ஆராய்ந்த ஒரு கூடத்தில் புது மரபணு ஒன்று அகப்பட்டது. அந்த ஊரின் புகழ்பெற்ற ‘கிஸ்ஸஸ்’ சாக்லேட்டை நினைத்து அதற்குக் கிஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வரும் பொருள் கிஸ்பெப்டின். இனப்பெருக்கத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 2003-இல் பருவமே அடையாத சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்குக் கிஸ்பெப்டினைப் பிடிக்கும் ஏற்பி பழுதாகியிருந்தது தெரியவந்தது. சாக்லேட் பெயர் வைத்தவர்களுக்கு யோகம்தான்.

ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் உள்ள ஒரு செல் கூட்டம் மூன்று பொருள்களைச் சேர்த்தே சுரக்கிறது. நியூரோகைனின் பி கூட்டத்தை ஒன்றாகத் தட்டி எழுப்பும், கிஸ்பெப்டின் ஜி.என்.ஆர்.எச். செல்லை உசுப்பும், டைனோர்பின் என்ற ஓப்பியம் வகைப் பொருள் ‘போதும், நிறுத்து’ என்று அடக்கும். எழுப்புவதும் அடக்குவதும் மாறி மாறி வருவதுதான் அந்த விசை. ஜப்பானில் ஆடுகளின் மூளையில் அந்த இடத்தில் மெல்லிய மின்முனையை வைத்துப் பதிவு செய்தார்கள். செல்கள் கூட்டமாக ஒரு முறை வெடிப்பாய்ச் சமிக்ஞை விட்டால், ரத்தத்தில் எல்.எச். ஒரு முறை ஏறுகிறது.

அதே ஆடுகளிடம் கிடாவின் ரோமத்தைக் கொண்டுபோனால் அடுத்த வெடிப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது. எந்த வாடை அதைச் செய்கிறது என்றும் 2014-இல் பிரித்தெடுத்தார்கள், 4-எத்தில்ஆக்டனல் என்ற பொருள். தனியாக முகர்ந்தால் எலுமிச்சை வகை வாசனை. காற்றில் பட்டு மாறிய பிறகுதான் நமக்குத் தெரிந்த அந்த மூக்கைத் துளைக்கும் கிடா நாற்றம். கிடாவைக் கொஞ்ச நாள் பிரித்துவைத்துவிட்டுத் திடீரென்று பட்டியில் விட்டால் பெட்டைகள் சேர்ந்தாற்போல் பருவத்துக்கு வருவது ஆடு வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மாட்டிலும் இது கொஞ்சம் உண்டு. கன்று போட்ட பசுக்களோடு காளை இருந்தால் சும்மா கிடக்கும் காலம் குறைகிறது.

உங்கள் மாட்டின் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று பார்த்தால், முதல் சந்தேகம் கன்றின் மேல்தான். கறக்குமுன் கன்றை அவிழ்த்து விடுகிறீர்கள். அது மடியை நாலு முட்டு முட்டிக் காம்பைப் பிடித்ததும், ஒரு நிமிடத்துக்குள் மடி இறுகிக் காம்பு விறைக்கும். மூளையில் உருவாகிப் பிட்யூட்டரியின் பின்பக்கத்திலிருந்து இறங்கும் ஆக்சிடோசின் செய்யும் வேலை அது. மாட்டை அடித்தாலோ நாய் குரைத்து மிரட்டினாலோ பால் இறங்காது, பயத்தில் எழும் அட்ரினலின் வழியை அடைத்துவிடும். ஆனால் அந்த முட்டும் உறிஞ்சலும் மூளைக்கு இன்னொரு செய்தியையும் கொண்டுபோகின்றன: பிள்ளை கையில் இருக்கிறது, அடுத்ததற்கு அவசரமில்லை. ஓப்பியம் வகைப் பொருள்கள் ஓங்கும், கிஸ்பெப்டின் அடங்கும், எல்.எச். விசைகள் அருகிப் போகும். வளரத் தொடங்கும் ஃபாலிக்கிள்கள் முற்றாமலே சுருங்கும். டாக்டர் ஆசனவாய் வழியே கையை விட்டுத் தடவினால் சினைப்பை சின்னதாக, வழுவழுவென்று, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும்.

பால் சுரப்பதுதான் தடை என்று நினைப்பவர்கள் அதிகம். மாட்டில் அப்படி இல்லை. மடியையே அறுவை செய்து எடுத்துவிட்ட பசுக்களோடு அவற்றின் சொந்தக் கன்றைச் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உறிஞ்சப் பாலே இல்லை, ஆனாலும் பருவம் தள்ளிப்போனது. வேறொரு மாட்டின் கன்று வந்து ஊட்டினால் அந்த அளவுக்குத் தடை இல்லை. தாயின் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மறைத்து, தன் கன்றுதானா என்று தெரியாதபடி செய்தால் கட்டு தளர்ந்துவிடுகிறது. அதாவது தாயின் மூளை தன் பிள்ளையை அடையாளம் காண்கிறது, அந்த அடையாளமே தாளத்தை அடக்குகிறது. இயந்திரத்தில் கறக்கும் பண்ணை மாடு உங்கள் மாட்டைவிடப் பல மடங்கு பால் கறந்தும், நன்றாகத் தின்றால் ஒரு மாதத்துக்குள் முதல் முட்டை விடுவது இதனால்தான்.

இரண்டாவது சந்தேகம் தீனி. கன்று போட்ட முதல் வாரங்களில் மாடு தின்பதைவிடப் பாலாக இறக்குவது அதிகம், உடம்பைக் கரைத்துத்தான் கறக்கிறது. கொழுப்பு குறைந்தால் அதிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும், இன்சுலினும் குறையும். ஹைப்போதலாமஸ் இவற்றைப் பார்த்துத்தான் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று அறிகிறது. விலா எலும்பும் இடுப்பு முட்டியும் தூரத்திலிருந்தே எண்ணும்படி தெரிந்தால் ஊசிக்குச் செலவழிக்கும் வெள்ளியைத் தீனிக்குச் செலவழியுங்கள் என்பேன். செம்பனைக்கு அடியில் நிழலில் முளைக்கும் புல் மட்டும் கறவை மாட்டுக்குப் போதாது. பி.கே.சி. எனப்படும் செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு நம் வட்டாரத்தில் மலிவு, மாட்டுக்கு நல்லது. ஆனால் கூடவே செம்மறி ஆடு வைத்திருந்தால் அதற்கு அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும்.

பருவகாலத்தைப் பற்றி இங்கே கவலையே வேண்டாம். குளிர்நாட்டுச் செம்மறிகளுக்கு இரவு நீளும்போது, இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் நீண்ட நேரம் சுரந்து, இலையுதிர்காலத்தில் தாளத்தை அவிழ்த்துவிடும். சிலாங்கூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரம்கூட இல்லை. நம் ஊர் ஆடு மாடுகளின் மூளை நாட்காட்டி பார்ப்பதில்லை, வயிற்றைத்தான் பார்க்கிறது.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். பாட்டிமார் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. மனிதரிலும் குழந்தை உறிஞ்சுவது ஜி.என்.ஆர்.எச். தாளத்தை அடக்குகிறது. 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதை மூன்று நிபந்தனையோடு எழுதிவைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே அல்லது கிட்டத்தட்ட அது மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேருக்குக் கரு நிற்காது. ஒன்று தவறினாலும் நம்பக் கூடாது. மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே முட்டை வந்துவிடலாம், அப்போது ‘தலை குளிக்காமலே தரித்துவிட்டது’ என்பார்கள். புட்டிப்பாலும் கஞ்சியும் கலந்து கொடுக்கும் இந்தக் காலத்தில் பாட்டியின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் வருஷத்துக்கொரு பிள்ளைதான். கிளினிக்கில் கேட்டு வேறு வழி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். எலியிலும் செம்மறியிலும் முட்டை வெளிவர மூளையிலிருந்து ஜி.என்.ஆர்.எச். வெள்ளமே வர வேண்டும். குரங்கில் மணிக்கு ஒரு விசை என்ற மாறாத தாளம் மட்டும் இருந்தால் போதும், எப்போது எழும்புவது என்பதைச் சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியோடு பேசித் தீர்த்துக்கொள்கிறது என்று நோபிலின் குழு காட்டியது. பெண்களும் இந்த வகையில் குரங்குப் பக்கம்தான். சாப்பாட்டைக் குறைத்து ஓயாமல் ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது மேலே மூளையின் தாளம் அடங்குவதால். ஐம்பதை நெருங்கும் அம்மாமாருக்குத் திடீரென்று முகமெல்லாம் சூடு ஏறி வேர்ப்பதும் அந்தத் தாளக் கூட்டத்தோடு சேர்ந்ததே. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் நியூரோகைனின் பி ஓங்குகிறது, பக்கத்திலுள்ள உடல்சூட்டு மையத்தையும் உலுக்குகிறது. அதைத் தடுக்கும் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கன்றுக்கு ஐந்து மாதம், புல் தின்னும் வயது. அதைத் தாயின் கண்ணுக்கும் மோப்பத்துக்கும் எட்டாத இடத்தில் கட்டி, காலையும் மாலையும் கறக்கும்போது மட்டும் விடுங்கள். கத்தும், நாலு நாள் உங்கள் தூக்கம் கெடும். டாக்டர் அடுத்த சுற்று ஊசியைத் தொடங்கினால், இரண்டு நாள் முழுதாகப் பிரித்துவைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். கன்று இல்லாத நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எல்.எச். விசைகள் கூடிவிடும்.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். மாடு உங்களுக்குத் தெரியாமல் எங்காவது காளையைச் சேர்ந்து சினையாகியிருந்தால் அது கருவைக் கலைத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் சினைப் பரிசோதனை. அந்த மருந்து தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள், ஆஸ்துமாக்காரர்கள் குப்பியைத் தொடவே கூடாது. ஊசி போடும் நேரம் மாட்டைப் பிடித்துக்கொள்ள மனைவியைக் கூப்பிடாதீர்கள், மாமாவைக் கூப்பிடுங்கள்.

சினை ஊசி போட்டபின் பதினெட்டாம் நாளிலிருந்து இருபத்துநாலாம் நாள் வரை கண் வைத்திருங்கள். பகல் வெயிலில் திமில் மாடு அறிகுறியைக் காட்டாமல் அடக்கிக்கொள்ளும், பின்னிரவிலும் விடியலிலும்தான் தெரியும். அந்த நாட்களில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து டாக்டர் கை வைத்துப் பார்த்து உறுதி சொல்வார். வாலடியில் வழும்போடு லேசாக ரத்தம் கசிந்திருந்தால், பருவம் வந்து ஒன்றிரண்டு நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது ஊசிக்காரரைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. தேதியைச் சுவரில் குறித்துவையுங்கள், அதிலிருந்து மூன்றாவது வாரம் அடுத்தது வரும்.